அப்படி ஒரு ஆள் எங்க ஊரில் இல்லை

அட்டுவம்பட்டியில் என் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஒரு மாடி அறையில், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சனி ஞாயிறுகளில் கூடுகிறார்கள். ஓய்வுபெற்ற டிஐஜி ஒருத்தி கூப்பிடு தூரத்தில் கேரட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை விடுவதில்லை. குரூப் ஒன் எழுதி நேரடி டிஎஸ்பி ஆனவள் என்பதால் எனக்கு ஏதோ ரகசியம் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

“மேடம், முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகம் மூணுல எது ரொம்பக் கஷ்டம்?” என்று கேட்பார்கள்.

“எங்க அப்பா” என்பேன்.

சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். போன வாரம் அந்த வகுப்பில் படித்துத் தேறிய ஒரு பெண் இனிப்போடு வந்தாள். “வெரிஃபிகேஷனும் முடிஞ்சிருச்சு மேடம். ஸ்டேஷன்ல இருந்து போன் பண்ணி லொகேஷன் அனுப்பச் சொன்னாங்க. வந்தாங்க, ஒரு போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க” என்றாள். எனக்கு உள்ளுக்குள் பொறாமையாகத்தான் இருந்தது. என்னுடைய வெரிஃபிகேஷனுக்கு ஒரு ஊரே சாலையில் இறங்கி ஜீப்பை மறிக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகள் கேட்டுக்கேட்டு, இப்போது எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலையில். பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ். அப்பா கருப்பையாவுக்கு நான் ஒரே மகள், பெயர் பாண்டியம்மாள். என் புத்தகங்களை அம்மா அடுப்புக்கு மேலே, பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்குகிற பரணில்தான் வைப்பாள். எலி வராது, பூச்சி அரிக்காது என்று அவளுக்கு நம்பிக்கை. அதனால் நான் மதுரை விடுதியில் சேர்ந்தபோது என் பெட்டியைத் திறந்தாலே அறைத் தோழிகள் ரசம் கேட்பார்கள். நேர்முகத் தேர்வுக்குக் கட்டிப் போன சேலையும் அதே பரணில் இருந்து வந்ததுதான். குழுவில் இருந்த ஒருவர் நான் உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சி, மதியச் சாப்பாடு வந்துவிட்டதா என்பதுபோல் கதவைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு காட்டில் நின்றுகொண்டு ஓடைக்கு அந்தப் பக்கக் காட்டில் இருப்பவரோடு பேசிப் பழகிய தொண்டை எனக்கு. முதல் கேள்விக்கு நான் பதில் சொன்னதும் தலைவர், “கொஞ்சம் மெதுவாகப் பேசலாமே அம்மா” என்றார். “இதுதான் சார் மெதுவு” என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு மதிப்பெண் விழுந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் கேட்டது துணை ஆட்சியர் பதவி. கிடைத்தது காவல்துறை. உயரம் அளந்த அதிகாரி, “நேரா நில்லும்மா, இங்க ஏறுறதுக்கு மலை இல்ல” என்றார். முன்னால் சாய்ந்து நிற்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

எல்லாம் முடிந்து, பணி ஆணை வருவதற்கு முன்னால் ஒரே ஒரு சடங்கு பாக்கி. சொந்த ஊர் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, இப்படி ஒரு பெண் இந்த முகவரியில் இருக்கிறாளா, அவள் மேல் வழக்கு உண்டா, நடத்தை எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதுவார். மற்றவர்களுக்கு இது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. நான் விடுதியில் இருந்தேன். ‘அரசாங்க வேலை கிடைச்சிருச்சு’ என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். என்ன வேலை என்று சொல்லவில்லை. நேரில் போய்ச் சொல்லி அப்பாவின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

இங்கே எங்கள் ஊரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காக்கி உடுப்பு போட்ட எவர் வந்து எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் ஊர் ஒரே பதில்தான் சொல்லும்: அப்படி யாரும் இங்கே இல்லை. விறகு வழக்கு, காட்டுப்பன்றி வழக்கு, எல்லை தாண்டி உழுத வழக்கு என்று வனத்துறையும் போலீசும் மாறிமாறி ஏறி வந்த காலம். தப்பு செய்தவனா செய்யாதவனா என்பது பிறகு ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம். காக்கிக்கு முன்னால் எல்லோரும் இல்லாதவர்கள்தான். ‘அ’ எழுதப் பழகுவதற்கு முன்பே பிள்ளைகள் இதைப் பழகிவிடுவார்கள். நானும் பழகியிருந்தேன். ஐந்து வயதில் ஒரு வனக் காவலரிடம், எங்கள் வாசலில் நின்றுகொண்டே, இது யார் வீடென்று தெரியாது என்று சொன்னவள் நான்.

அப்பாவுக்கு இது வெறும் வழக்கம் மட்டுமில்லை. என் சித்தப்பாவைத் தேடி ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் வந்தார். நல்ல மரியாதையாக, “ஒரு கையெழுத்துப் போட்டா போதும், உடனே வந்துரலாம்” என்றார். அப்பா நம்பிக் கைநீட்டி வீட்டைக் காட்டினார். சித்தப்பா தான் வெட்டாத மரத்துக்காக உள்ளே போய், வெகுநாள் கழித்து இருமலோடு திரும்பி வந்தார். அதன் பிறகு அப்பா யாருக்கும் வழிகூடக் கை நீட்டிக் காட்ட மாட்டார். சுற்றுலா வந்தவர்கள் பெருமாள்மலைக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டால், “போங்க, வரும்” என்பார்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஏட்டு செல்லையா வந்து இறங்கி, டீக்கடையில் நின்று, “இங்க பாண்டியம்மாள்னு ஒரு பொண்ணு” என்று ஆரம்பித்திருக்கிறார். அவர் முடிக்கவே இல்லையாம்.

“அப்படி யாரும் இல்லீங்களே” என்றிருக்கிறார் டீக்கடை வேலுச்சாமி மாமா.

“கருப்பையா மகள்னு போட்டிருக்கே.”

“கருப்பையாவே இல்லீங்க.”

அந்தக் கருப்பையா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். ஏட்டு அவரிடமே திரும்பி, “பெரியவரே, நீங்க சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார். அப்பா நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, “அந்தக் குடும்பம் எப்பவோ மலையை விட்டு எறங்கிருச்சுங்க. கேரளாப் பக்கம்னு பேச்சு” என்றாராம். கடை வாசலில் நின்ற ஒரு அத்தை, ஊருக்கு உதவுகிற ஆர்வத்தில், “அந்தப் பொண்ணு சின்ன வயசுலேயே செத்துப்போச்சே” என்று ஒரு படி மேலே போய்விட்டாள். ஏட்டு செல்லையா நேர்மையான மனிதர். கேட்டதைக் கேட்டபடி எழுதினார்: மேற்படி முகவரியில் மேற்படி நபர் வசிக்கவில்லை, இறந்துவிட்டதாகவும் தெரியவருகிறது.

எனக்கு விடுதிக்குக் கடிதம் வந்தது. தவறான முகவரி கொடுத்ததற்காக உங்கள் தேர்வை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அடுத்த அறிக்கையும் இதே போல் வந்தால் பட்டியலில் எனக்கு அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும். மூன்று வருடம் கண் விழித்துப் படித்தது ஒரு வடையில் போகப் பார்த்தது. அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“உன்னையத் தேடி போலீசு வந்துச்சு ஆத்தா. காட்டிக் குடுக்கல. ஊர்ல ஒருத்தர்கூடக் காட்டிக் குடுக்கல.”

“அப்பா...”

“நீ என்ன செஞ்சேன்னு நான் கேக்க மாட்டேன். எதுவா இருந்தாலும் சரி. வெள்ளனே கெளம்பி வெள்ளகவிக்குப் போயிரு. அங்கன என் அக்கா இருக்கா. ஒத்தையடிப் பாதை, ஜீப்பு எறங்காது. சூடு ஆறுனதும் நான் வந்து கூட்டியாறேன்.”

கோபத்தில் கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் ஏற்கனவே எனக்குப் போர்வை, அரிசி, ஒரு கட்டுப் பூண்டு எல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தார். மகள் ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டே, என்ன குற்றம் என்று கேட்காமல் ஒரு மனிதர் மூட்டை கட்டியிருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்குக் கத்த வரவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சை, நேர்முகம், டிஎஸ்பி வேலை, விசாரணை. அப்பா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“பொம்பளைப் பிள்ளைய போலீசுல பெரிய ஆபீசரா எடுக்குறாகளாக்கும்” என்றார். “வேலை தாரோம்னு சொல்லித்தான் கூப்பிடுவாக. உன் சித்தப்பனையும் கையெழுத்துன்னுதான் கூப்பிட்டாக. நீ ஏமாந்த பிள்ளை ஆத்தா. வெரசாக் கெளம்பு.”

வெள்ளகவிக்குப் போகாமல் நேராகக் கொடைக்கானல் டிஎஸ்பி அலுவலகத்துக்குப் போனேன்.

அந்த டிஎஸ்பியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் கடற்கரை ஊர்க்காரர். எங்கள் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. உடுப்புக்கு மேலே மப்ளர், மப்ளருக்கு மேலே தொப்பி, மேசையில் சுக்குக் காபி பிளாஸ்க். அவர் பேசினால் சத்தம் மேசையைத் தாண்டாது. நான் பேசினால் வெளியே நின்ற சென்ட்ரி திரும்பிப் பார்த்தார். யாரையும் அதட்ட மாட்டார். நீங்கள் சொல்லி முடித்ததும், “சரி... அப்புறம்?” என்பார். சொல்லிவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு காபியை ஊதுவார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல், சொல்ல நினைக்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். திருடர்களே அந்த ‘அப்புறம்’ கேட்டு மூன்று பழைய திருட்டை ஒப்புக்கொண்டதாகப் பேச்சு. நானும் வடைவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“செத்துப்போயிட்டீங்கன்னு எழுதியிருக்கு” என்றார், தாளைப் பார்த்தபடி.

“இல்லை சார்.”

“எனக்குத் தெரியுதும்மா. ஆனா நான் இங்க உட்கார்ந்துக்கிட்டு இதைத் திருத்தக் கூடாது. உங்களைப் பார்த்ததும் மனசு எளகி மாத்தி எழுதிட்டேன்னு ஆயிரும். ‘இல்லை’ன்னு சொன்ன ஊரு, ‘இருக்கா’ன்னு சொல்லணும். உங்க ஊர்க்காரங்க ரெண்டு பேரு சாட்சி வேணும். பெத்தவரு அடையாளம் சொல்லணும்.”

“அவர் சொல்ல மாட்டார் சார்.”

“சரி... அப்புறம்?”

மறுநாள் அவரே வந்தார். ஜீப்பில் முன்னால் அவர், பின்னால் ஏட்டு செல்லையாவும் நானும். வழியெல்லாம் மஞ்சு இறங்கி, பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. ஊருக்குள் ஜீப் நுழைந்ததும் எல்லோருக்கும் திடீரென்று அவசரச் சோலி வந்துவிட்டது. ஆனால் யாரும் போகவில்லை. ஜீப்பிலிருந்து நான் இறங்கியதைப் பார்த்து, பிடிபட்டுவிட்டாள் என்று கடை வாசலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

டிஎஸ்பி, கடை பெஞ்சில் இருந்த அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

“உங்க பேரு?”

“கருப்பையாங்க.” கேரளாவிலிருந்து திரும்பி வந்துவிட்டிருந்தார்.

“பிள்ளைங்க?”

“குடுத்து வைக்கலீங்க.”

“அப்ப இவங்க யாரு?”

அப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் தோளில் கிடந்தது அவருடைய கம்பளி. “டூரிஸ்ட்டு போல இருக்குங்க” என்றார். “இப்பிடித்தான் வழி தவறி வந்துருதுக.”

நான் கூப்பிட்டேன். “அப்பா!” ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். அவர் அசையவில்லை. ஒருவேளை அந்தக் கண் கலங்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கலங்கவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவ்வளவு உறுதியாக நம்பினார்.

“சரி... அப்புறம்?” என்றார் டிஎஸ்பி.

“அப்புறம் ஒண்ணுமில்லீங்க” என்றார் அப்பா. அந்த ‘அப்புறம்’ தோற்றதை நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

டிஎஸ்பி மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு, அதே மேசை தாண்டாத குரலில் சொன்னார்: “ஏட்டு, அடையாளம் தெரியாத பொண்ணு. இந்த ஊருக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்லை. வண்டியில ஏத்துங்க.”

எனக்கே ஒன்றும் புரியவில்லை. அவ்வளவுதான், வேலையும் போய் ஊரும் போய்விட்டது என்று நினைத்தேன். ஏட்டு ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். அவர் என் தோளில் கை வைக்க, நான் படியில் கால் வைத்தேன்.

“ஏலே! கைய எடுலே!”

அப்பா கத்தினார். என் தொண்டை யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது. ஓடி வந்து ஜீப்புக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.

“அவ எம்மக! நான் பெத்த மக! அவ என்ன செஞ்சிருந்தாலும் நான் செஞ்சதா எழுதிக்கங்க. என்னைய ஏத்துங்கய்யா, அவள விட்டுருங்க!”

அதற்குள் வேலுச்சாமி மாமா டீ வடிகட்டியோடு சாலை நடுவில் நின்றார். என்னைச் சாகடித்த அத்தை ஜீப்புக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “எங்க ஊர்ப் பிள்ளைய எங்கய்யா கொண்டு போறீக? பாண்டிய எங்களுக்குத் தெரியும், அவ அப்பனத் தெரியும்! பொறந்ததுல இருந்து தெரியும்!” ஊரே கூடிவிட்டது. தெரியும் தெரியும் என்று ஒரே கூச்சல்.

டிஎஸ்பி தலையசைத்தார். “எழுதிக்கோங்க ஏட்டு. மேற்படி பாண்டியம்மாள் இவ்வூரைச் சேர்ந்த கருப்பையாவின் மகள் என்பதைத் தந்தையே நேரில் அடையாளம் காட்டினார். ஊரார் அனைவரும் உறுதி செய்தனர்.” பிறகு அப்பாவிடம் திரும்பி, “பொண்ணு பாஸ் பண்ணியிருக்குங்க ஐயா. எனக்கு இருக்கிற அதே வேலை. அதுக்குத்தான் கேட்டு வந்தோம்” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். டிஎஸ்பியைப் பார்த்தார். அவர் தோளில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்தார்.

“அப்ப இவளக் கூட்டிட்டுப் போகலியா?”

“கூட்டிட்டுத்தான் போறோம். நல்லா வச்சுக்குவோம்.”

அப்பா அப்படியே சாலையோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். டிஎஸ்பி ஜீப்பின் மறுபக்கம் போய் நின்று, இல்லாத டயர் பஞ்சரைத் தேடினார்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. கையெழுத்து என்றதும் அப்பா கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். டிஎஸ்பி வற்புறுத்தவில்லை. “உங்க வாய்ச்சொல் போதும், சாட்சிங்க ரெண்டு பேரு போட்டாப் போதும்” என்றார். ரெண்டு பேர் போட்டால் போதும் என்ற விஷயம்தான் எங்கள் ஊருக்குப் புரியவில்லை. போட்டால் எல்லோரும், போடாவிட்டால் யாரும் இல்லை. வேலுச்சாமி மாமா முதல் ஆளாகப் போட்டார், பின்னால் வரிசை டீக்கடையைச் சுற்றி வளைந்தது. ஏட்டிடம் தாள் தீர்ந்துபோய், கடையில் வடை கட்ட வைத்திருந்த காகிதத்தையும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது அப்பா ஒரு கட்டுப் பூண்டு நீட்டினார். “ரிப்போர்ட் போய்ச் சேரட்டும், வந்து வாங்கிக்கிறேன்” என்றார் டிஎஸ்பி. நான் பயிற்சிக்குப் போன பிறகு ஒருநாள், மப்ளரோடு பஸ்ஸில் வந்து வாங்கிக்கொண்டு போனாராம்.

பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்னால் சாய்ந்து நடந்தேன், நிமிர்த்தினார்கள். குரலைக் குறைக்கச் சொன்னார்கள், அணிவகுப்பு மைதானத்தில் மட்டும் அதையே பாராட்டினார்கள். பிறகு பல மாவட்டங்கள். எந்த ஊருக்குப் போனாலும் என் ஆட்களுக்கு நான் சொன்ன முதல் உத்தரவு ஒன்றுதான்: ஒரு பெயரைக் கேட்கும் முன், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். அப்படியும் ஒரு ஊர் முழுக்க ஒரே குரலில் “அப்படி யாரும் இல்லை” என்றால், நான் அங்கேயே உட்கார்ந்து டீ சொல்லிவிடுவேன். தேடுகிற ஆள் அநேகமாகப் பக்கத்து பெஞ்சில் இருப்பார். அவரைப் பிடித்த பிறகும், அவருக்காகப் பொய் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. இது சட்டப்படி சரியில்லை என்று எனக்குத் தெரியும்.

அம்மா போன பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டார். மறதி நன்றாகவே பிடித்துக்கொண்டது. சித்தப்பா இறந்ததை மறந்துவிட்டார். நான் போலீசில் இருந்ததையும் சுத்தமாக மறந்துவிட்டார். சுவரில் இருக்கும் என் உடுப்புப் படத்தைக் காட்டி, யார் இந்தம்மா, மொறைக்கிறாளே என்று கேட்கிறார். பூண்டு உரிக்கக் கொடுத்தால் மட்டும் கை எதையும் மறக்கவில்லை.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். இப்போது அதற்கும் வசதி வந்துவிட்டது. தபால்காரர் கைரேகை மெஷினோடு வீட்டுக்கே வருகிறார். இந்தத் தடவை அவர் வந்த நேரம் நான் வீட்டுக்குப் பின்னால் கேரட் பாத்தியில் இருந்தேன். வாசலில் வெயிலுக்கு நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். தபால்காரர் காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

“ஐயா, பாண்டியம்மாள் மேடம் இருக்காங்களா? உயிரோட இருக்காங்கன்னு ஒரு ரேகை வாங்கணும்.”

“அப்படி யாரும் இங்கன இல்லப்பா.”

“போர்டுல பேரு போட்டிருக்கே ஐயா.”

“அந்தக் குடும்பம் எப்பவோ எறங்கிருச்சு. கேரளாப் பக்கம்.”

நான் மண் கையோடு ஓடி வந்து, தபால்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கையைக் கழுவி ரேகையை வைத்தேன். மெஷின் பச்சை விளக்குக் காட்டியது. தபால்காரர் சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்துக்கொண்டுதான் திரும்பினேன். அப்பா சிரிக்கவில்லை. தெருமுனையை எட்டிப் பார்த்து, ஆள் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு, என்னைக் குனியச் சொன்னார். காதோரம் மெல்லச் சொன்னார்.

“நீ யாரு பெத்த பிள்ளையோ தெரியல தாயி. என்ன செஞ்சேன்னும் நான் கேக்க மாட்டேன். நீ பயப்படாம உள்ள இரு.”